ஆறாவது காரணம்

“அந்த ஆறாவதை எடுத்துடுங்கம்மா.”

தணிகாசலம் இதைச் சொன்னபோது நான் ஏழாவதுக்குப் போய்விட்டிருந்தேன். அவருக்காக எழுதிய மேல்முறையீட்டு மனுவை வரி வரியாக அவருக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் அலுவலகம் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடி. கீழே முகூர்த்தப் புடவை எடுக்க வந்த இரண்டு கல்யாண வீட்டார் ஒரே நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே, ஜெயிலுக்குப் போகாமல் இருக்க வழி கேட்டு வந்த ஒரு நெசவாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நகக் கண்களில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“எதைண்ணா எடுக்கணும்?”

“கால்ல வுழுந்ததைப் பத்தி எழுதிக்கினு இருக்கீங்களே, அது.”

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் வக்கீல் சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய். நாக்கு நுனியில். பேனாவைத் தூக்கி மேஜையில் போட்டேன்.

“அண்ணா, இந்த மனுவுல உசுரு இருக்கறதே அந்த ஆறாவதுலதான். மத்ததெல்லாம் சும்மா. அதை எடுத்துட்டா நீங்க இப்பவே துணிமணியை மடிச்சு வெச்சுக்கலாம்.”

ஃபேன் காற்றில் மனுவின் தாள் படபடத்தது. அவர் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், நூல் அறுந்துவிடப் போவதைப் போல.

முதல் காரணம் பிள்ளையார் சுழி

கீழ்க் கோர்ட்டில் தண்டனை வாங்கியவர் மேல் கோர்ட்டுக்குப் போனால், ‘தீர்ப்பு தப்பு’ என்று மட்டும் சொன்னால் போதாது. எதனால் தப்பு என்று ஒன்று, இரண்டு போட்டு எழுத வேண்டும். அவைதான் காரணங்கள்.

முதல் காரணம் ஊரில் உள்ள எல்லா மனுவிலும் ஒன்றுதான்: ‘தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியங்களின் கனத்துக்கும் வழக்கின் சூழ்நிலைக்கும் முரணானது.’ அது பிள்ளையார் சுழி. எந்த நீதிபதியும் அதைப் படிப்பதில்லை. எழுதாவிட்டால் மட்டும் கேட்பார்கள்.

அதற்கப்புறம் சரக்கு இருக்க வேண்டும். சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியிருக்கிறாரா, போலீஸ் எதையாவது விட்டுவிட்டதா, டாக்டர் சொன்னதும் காயம்பட்டவர் சொன்னதும் ஒத்துப்போகிறதா, நீதிபதி எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டாரா. இத்தனையையும் கீழ்க் கோர்ட்டில் பதிவான தாள்களிலிருந்தே காட்ட வேண்டும். அங்கே கேட்காத கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. வக்கீல் தொழிலில் பாதி வருத்தம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது சட்டங்களின் பெயரும் மாறிவிட்டது, பிரிவுகளின் எண்ணும் மாறிவிட்டது. இந்த விஷயம் மட்டும் மாறவில்லை.

தெருவில் ஒரு பாவு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நெடுக்கு நூலை, அதாவது பாவை, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அந்த நேரத்தில் தெருவில் வடிகஞ்சி வாசனை வீசும். தரையெல்லாம் வழுக்கும். ஸ்கூட்டர்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தெருவைச் சுற்றிப் போவார்கள்.

அன்று தெருவில் இருந்தது தணிகாசலத்தின் பாவு. எதிர்வீட்டு ராஜவேலுவும் நெசவாளிதான். இருவருக்கும் வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி முந்தின நாள் வாய்ச்சண்டை. மிச்சமிருந்த கோபத்தோடு ராஜவேலு பாவுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தார். தணிகாசலத்தின் கை நீண்டது. ராஜவேலு விழுந்தார். பாவு கட்டும் கல்லில் வலது முழங்கை மோதி நொறுங்கியது.

நடந்தது இவ்வளவுதான். கை எதற்காக நீண்டது என்பதுதான் வழக்கு.

“புடிக்கப் போனேம்மா. கஞ்சியில காலு வழுக்கிச்சு அவருக்கு” என்பார் தணிகாசலம்.

“தள்ளிவுட்டாரு” என்றார் ராஜவேலு, ஆஸ்பத்திரியில் போலீஸிடம்.

பார்த்த ஒரே ஆள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள். அவர் கோர்ட்டில் சொன்னது: “கைய நீட்டுனாரு. அவரு வுழுந்தாரு. மத்தது எனக்குத் தெரியாது சாமி.” என் அனுபவத்தில் அதைவிட நேர்மையான சாட்சியம் குறைவு. இரண்டு பக்கத்துக்கும் உதவாத சாட்சியமும் அதுதான்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றே இன்றைக்கும் நம்புகிறேன். விழுகிறவனுக்கு மேலே படுகிற கை எல்லாம் தள்ளுகிற கையாகத்தான் தெரியும்.

தாம்பாளம்

இந்த அளவில் நின்றிருந்தால் சந்தேகத்தின் பலன் என்று கீழ்க் கோர்ட்டே விட்டிருக்கும். விடாததற்குக் காரணம் தாம்பாளம்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது அதனால் யாருக்கு அடிபட்டாலும் பாவுக்காரர்தான் பொறுப்பு. விழுந்தவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருந்தாலும் சரி, குடித்துவிட்டு வந்திருந்தாலும் சரி. பாவுக்காரர் தெருக் கோயிலில் தாம்பாளம் வைக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், கூடவே அந்தப் பாவிலிருந்து ஒரு கொத்து பட்டு நூல். வைத்துவிட்டு விழுந்தவரின் காலில் விழுந்து, “எம் மேல தப்பு, மன்னிச்சுக்கணும்” என்று சொல்ல வேண்டும். மற்றவர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது. தெரு எல்லோருக்கும் பொது, அதை ஒருத்தர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதற்கு அது ஒரு மரியாதை.

தணிகாசலமும் விழுந்தார், கேட்டார். ராஜவேலுவின் வலது கையில் மாவுக்கட்டு. அதனால் இடது கையை நீட்டி, “இந்தக் கையாலதான் வாங்க முடியுது, தப்பா எடுத்துக்காதபா” என்று சொல்லி வாங்கிக்கொண்டார். தெருவே பார்த்தது.

கட்டைப் பிரித்தபோதுதான் கை மடங்கவில்லை என்று தெரிந்தது. அந்தக் கை இனி தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராஜவேலுவின் தறி நின்றது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன வார்த்தையில் கிளம்பிய வழக்கு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சமரசமாக ராஜி ஆகலாமே என்று கேட்டவர்களிடம், முடியாது என்றார்.

கோர்ட்டில் அரசு வக்கீல் தெருக்காரர்களைக் கூண்டில் ஏற்றினார். “கோயிலில் இவர் ராஜவேலுவின் காலில் விழுந்தாரா?” ஆமாங்க. “என் மேல தப்பு என்று சொன்னாரா?” ஆமாங்க. “மன்னிப்புக் கேட்டாரா?” ஆமாங்க.

எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு அப்போது வாதாடிய வக்கீல் வெளியூர்க்காரர். அவருக்குத் தெரியாது. தெருக்காரர்களுக்கு, இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று தோன்றவே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது கோர்ட்டில் போய்ச் சொல்வார்களா?

தீர்ப்பில் நீதிபதி எழுதினார்: செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதர் ஊர் பார்க்க இன்னொருவர் காலில் விழமாட்டார். கோர்ட்டுக்கு வெளியே, பலர் முன்னிலையில், அவரே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் இது. கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கு இரண்டு வருஷம்.

மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து, தண்டனையை நிறுத்தி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் என் மாடிப்படி ஏறினார்.

அப்பா சொன்ன சாட்சி

இங்கே என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் தாமல். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மதகு திறப்பதில் ஒரு தகராறு வந்து, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனார். சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

“மதகை இவர் உடைத்ததைக் கண்ணால் பார்த்தீரா?” என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். குறுக்கு விசாரணையில், அன்று அவர் ஊரிலேயே இல்லை என்பது வெளியே வந்தது. பார்த்தது சித்தப்பா.

“ஏம்பா பொய் சொன்ன?” என்று பஸ்ஸில் கேட்டேன். அப்பா உண்மையிலேயே திகைத்துப் போனார். “என்னா பொய்? எந்தம்பி பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே?” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வெறி. எங்கள் ஊர்ப் பேச்சைக் கோர்ட்டுக்குப் புரியவைக்கிற வக்கீலாக வேண்டும் என்று. சட்டக் கல்லூரியில் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நேர்காணல்களில் அளந்திருக்கிறேன். கணக்கு வராது என்பது இன்னொரு காரணம்.

வாங்கி வைத்திருந்த வெற்றிலை

மாடிக்குத் திரும்புவோம். நான் எழுதியிருந்த ஆறாவது காரணம் இதுதான்: ‘மேல்முறையீட்டாளர் கோயிலில் மன்னிப்புக் கேட்டது தானாக விரும்பிச் செய்ததல்ல. தெருப் பெரியவர்களின் நெருக்கடிக்குப் பயந்து ஒப்புக்குச் செய்தது. ஆகவே அதை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டது தவறு.’

நல்ல காரணம். நெருக்கடியில் வாங்கிய வாக்குமூலம் நிற்காது. பெரியவர்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசியது சாட்சியத்திலேயே பதிவாகியிருந்தது. எனக்கு அந்த ஒரு நூல் போதும், பிடித்து இழுத்துவிடுவேன்.

“பெரியவங்க உங்க வீட்டுக்கு வந்தாங்களா, இல்லையா?”

“வந்தாங்க.”

“கோயில் கொடியேத்தத்துக்குள்ள முடிச்சுடுன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“அப்ப அது நெருக்கடிதானே?”

“அவங்க வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்ல வெத்தல பாக்கு வாங்கி வெச்சுட்டாம்மா.”

அவரே தொடர்ந்தார்.

“எம் பாவுல ஒரு மனுஷன் வுழுந்து கை ஒடிஞ்சிக்கினு கெடக்கறான். யாரும் சொல்லி நான் கேக்கலம்மா. நெசமாத்தான் கேட்டேன். பயந்துக்கினு ஒப்புக்குக் கேட்டேன்னு இப்ப எழுதிக் குடுத்தா, அவன் இடது கையில வாங்கிக்கினானே, அது என்னா ஆவுறது?”

“ஜெயிலுக்குப் போவீங்கண்ணா.”

“தெரியுதும்மா.”

அடித்தேன். சிவப்பு மையால், ஆறாவது முழுவதையும். அந்த இடத்தில் வேறு எழுதினேன்: ‘மன்னிப்பு, பாவின் சொந்தக்காரர் என்ற முறையில் தெரு வழக்கப்படி கேட்கப்பட்டது. தள்ளியதற்காக அல்ல.’ உண்மை. ஆனால் பதிவான தாள்களில் எங்கேயும் இல்லாத உண்மை.

எதிர்வீடு

இதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் யாருடையதாக இருந்தால் நீதிபதி மறுக்க முடியாது என்று யோசித்தேன். ராஜவேலுவின் வீட்டுக்கே போனேன். ராஜி பேசத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார். அதற்கும்தான் போனேன், மறைப்பானேன்.

முன்கட்டில் தறி மேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தது. இடது கையாலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“ராஜி கீஜி வேணாம்மா. எங்கைய வந்து பாரு. சோறு அள்ள முடியல.”

“தாம்பாளம் வாங்கிக்கிட்டீங்களேண்ணா.”

“வாங்கிக்கினேன். இல்லன்னு சொல்லல. அது பாவுக்கு. கைக்கு யாரு தாம்பாளம் வெச்சா?”

தண்ணீரைக் கீழே வைத்தேன். “அது பாவுக்குத்தான்னு கோர்ட்டுல சொல்வீங்களா?”

“கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்” என்றார், என்னை விநோதமாகப் பார்த்து. “யாரும் கேக்கலையே.”

வேறென்ன வேண்டும்? ஓடிவந்து மனுப் போட்டேன். ராஜவேலுவை மறுபடி கூண்டில் ஏற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்று. மேல் கோர்ட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு. அபூர்வமாகத்தான் பயன்படுத்துவார்கள்.

தள்ளுபடி. விசாரணையின்போதே கேட்டிருக்கலாமே, கேட்கவிடாமல் யார் தடுத்தார்கள் என்றது உத்தரவு. படித்துப் பார்த்தால் அதிலும் தவறு கண்டுபிடிக்க முடியாது.

காட்டுங்கள்

மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. நீதிபதி பொறுமைசாலி. முதல் ஐந்து காரணங்களையும் தலையாட்டிக் கேட்டார். ஆறாவது வந்தது.

“இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகக் கீழ்க் கோர்ட்டில் யாராவது ஒருவரிடம், ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறார்களா? காட்டுங்கள் அம்மா, நான் பார்க்கிறேன்.”

தாள்களைப் புரட்டினேன். இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் புரட்டினேன். அவருக்கும் தெரிந்திருக்கும், அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “சரி, நிர்ப்பந்தத்தில் மன்னிப்புக் கேட்டார் என்றாவது சொல்கிறீர்களா? அப்படிக் காரணம் ஏதும் காணோமே?”

அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். ஆமாம் என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாம். தணிகாசலம் எனக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“இல்லை” என்றேன்.

திரும்பியபோது வாசலில் ராஜவேலுவைப் பார்த்தேன். யாரும் கூப்பிடாமல் வந்திருந்தார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது கேட்பார்கள் என்று வந்தாரோ என்னவோ. கேட்க யாருக்கும் வழியில்லை. அடுத்த வழக்கின் பெயரை அழைத்ததும் விலகி வழிவிட்டார்.

தண்டனை உறுதி, காலம் மட்டும் பாதி என்றது தீர்ப்பு. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றேன். “போதும்மா” என்றார் தணிகாசலம். ஜெயிலுக்குப் போகும் வேனில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. வென்ற வழக்குகளில் வாங்கிய மாலைகள் எல்லாம் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டதற்காக நான் வருந்துகிறேனா? பல நாள் யோசித்திருக்கிறேன். அவருக்காக அழுதிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் அழிக்கத் தோன்றவில்லை.

செல்வி வந்தாள்

தணிகாசலம் வெளியே வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மறுபடியும் நெய்கிறார். போன மாசிக்கு முன்னால், அதே தெருவில் நெய்யும் செல்வி என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பையில் எதையோ வைத்துக்கொண்டு வெளியே எடுக்காமலே நின்றாள்.

“எம் பாவுல ஒருத்தர் வழுக்கி வுழுந்துட்டாரும்மா. முட்டியில நல்ல அடி. தாம்பாளம் வெக்கலாமா? கேஸ் ஆயிடுமா?”

தெருவில் இப்போதெல்லாம் யாரும் தாம்பாளம் வைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பாவில் யாராவது விழுந்தால் பாவுக்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். அந்த ஒரு தீர்ப்பு போதுமானதாக இருந்திருக்கிறது.

என் வாய் முந்திக்கொண்டது. “பழம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பாரு. ‘என் மேல தப்பு’ன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே.” இத்தனை வருஷத் தொழிலின் பழக்கம். பிறகுதான் கேட்டேன், “விழுந்தது யாரு?”

“தணிகாசலம் அண்ணன்தாம்மா.”

“அவரா? அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க உனக்கென்ன பயம்?”

“பயமில்லம்மா. அவரால கோயிலுக்கு நடக்க முடியாதேன்னு தாம்பாளத்த எடுத்துக்கினு நேரா அவர் வூட்டுக்குத்தான் போனேன். அவருதான் வாசல்லயே நிறுத்திட்டாரு. ‘மொதல்ல வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா’ன்னாரு.”

பையை விலக்கிக் காட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு கொத்து அரக்குப் பட்டு நூல்.

கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன். தணிகாசலம் கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செல்வி தாம்பாளத்தை வைத்தாள், விழுந்தாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் தூக்கி வாங்கிக்கொண்டார். பட்டு நூலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இது பாவுக்கு மட்டுந்தான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடட்டுமா? நாளைக்கு எதனா ஆச்சுன்னா இந்தப் பொண்ணு மாட்டிக்கக் கூடாது பாருங்க.”

வேண்டாம் அண்ணா என்று சொல்லத்தான் ஆசை. பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.